கேம் விழுந்ததும் டிரைவரை அழிக்காதீர்கள்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

கேம் பாதியில் மூடிக்கொண்டது, இல்லை திறக்கவே இல்லை, இல்லை திறந்ததும் திரை கறுப்பாகிவிட்டது. எங்கே போய்க் கேட்டாலும் முதலில் பழி டிரைவர்மேல், அதாவது கிராபிக்ஸ் கார்டை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்மேல்தான். முதல் பதில் "டிரைவரை அப்டேட் பண்ணு", இரண்டாவது "டிரைவரை முழுசா அழிச்சுட்டு மறுபடி போடு", மூன்றாவது "விண்டோஸையே புதுசா போட்டுடு". மூன்றுமே சில சமயம் வேலை செய்துவிடும், தொல்லையே அதுதான். எதனால் சரியானது என்று தெரியாமலே சரியாகிவிடும், கொஞ்ச நாள் கழித்து அதே கோளாறு திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

எதிலும் கை வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: ஒரே ஒரு கேம் விழுகிறதா, எல்லா கேமுமா? ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் அந்த கேமின் கோப்புகள், அதன் அமைப்புகள், அதற்குத் தேவையான ரன்டைம் (கேம் ஓட உடன் வேண்டிய துணைக் கோப்புகள்) இவற்றில்தான் வில்லங்கம். கேம் கிராபிக்ஸ் கார்டோடு பேச விண்டோஸ் தரும் வழிதான் டைரக்ட்எக்ஸ்; டைரக்ட்எக்ஸ் 12 கேம்கள் மட்டும் விழுகின்றன, டைரக்ட்எக்ஸ் 11 கேம்கள் மணிக்கணக்கில் ஓடுகின்றன என்றால் டிரைவரைச் சந்தேகப்படலாம். எல்லாமே விழுகிறது, பிரவுசரில் வீடியோ பார்க்கும்போதுகூட திரை அணைந்து எழுகிறது என்றால் டிரைவர், கார்டு, மின்சாரம் இந்த மூன்றில் ஒன்று.

அடுத்த கேள்வி, கடைசியாக என்ன மாறியது? புது மானிட்டர், பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் மதர்போர்டில் ஓடும் மென்பொருள்) அமைப்பு, கேமுக்கு வந்த பேட்ச், திரையில் எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை ஃபிரேம்) காட்டும் ஏதோ ஒரு மென்பொருள், எதுவாகவும் இருக்கலாம். "நான் எதையும் மாற்றவில்லையே" என்பார்கள் பலர். நீங்கள் மாற்றாமல் இருந்திருக்கலாம், விண்டோஸ் மாற்றியிருக்கும்.

விண்டோஸ் எழுதி வைத்திருப்பதை முதலில் படியுங்கள்

ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி (reliability) என்று தட்டினால் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்ற பக்கம் வரும். பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எந்த நாளில் எந்த டிரைவர் ஏறியது, எந்த நாளில் எந்த நிரல் விழுந்தது என்று ஒரே வரிசையில் காட்டும். செவ்வாய்க்கிழமை ஒரு டிஸ்ப்ளே டிரைவர் ஏறியிருக்கிறது, புதன்கிழமையிலிருந்து சிவப்புக் குறிகள் வரிசையாக நிற்கின்றன என்றால் பாதி விசாரணை முடிந்தது.

இன்னும் உள்ளே போக வேண்டுமென்றால் ஈவென்ட் வியூவர், அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். கேம் விழுந்த நேரத்தை ஒட்டி என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். டிஸ்ப்ளே என்ற பெயரில் 4101 என்ற எண் இருந்தால் "டிரைவர் பதில் சொல்வதை நிறுத்தியது, பிறகு மீண்டது" என்று பொருள். இதைப் பலர் தப்பாகப் படிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸில் டிடிஆர் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. கார்டுக்குக் கொடுத்த ஒரு வேலை 2 வினாடிக்குள் முடியவும் இல்லை, கார்டு அதை விட்டு விலகவும் இல்லை என்றால், விண்டோஸ் கார்டையும் டிரைவரையும் மீட்டமைத்துவிடும். இந்த ஏற்பாடு இல்லையென்றால் கணினி மொத்தமாக உறைந்து போய், பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. ஆக 4101 சொல்வது "கார்டு நேரத்துக்குப் பதில் தரவில்லை" என்பதை மட்டும்தான். ஏன் தரவில்லை என்பதை அது சொல்லாது. டிரைவர் கெட்டிருக்கலாம், ஓவர்கிளாக் (சிப்பை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டுவது) அதிகமாக இருக்கலாம், மின்சாரம் போதாமல் இருக்கலாம், கேமே கார்டுக்கு அபத்தமான வேலையைக் கொடுத்திருக்கலாம்.

கேம் காட்டும் பிழைச் செய்திகளும் அப்படித்தான். டைரக்ட்எக்ஸ் கேமில் "டிவைஸ் ரிமூவ்டு" அல்லது "டிவைஸ் ஹங்" என்று வரும், டைரக்ட்எக்ஸுக்கு மாற்றான வல்கனைப் பயன்படுத்தும் கேமில் "டிவைஸ் லாஸ்ட்" என்று வரும். யாரும் கார்டைப் பிடுங்கவில்லை, கேமுக்கும் கார்டுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது, அவ்வளவுதான். விண்டோஸ் தன் உள் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் நேரத்தை 2 வினாடியிலிருந்து 8 அல்லது 10 ஆக்கச் சொல்லும் யோசனை இணையம் முழுக்கச் சுற்றுகிறது. முப்பரிமாண ரெண்டரிங் மாதிரி நீண்ட வேலை செய்பவர்களுக்கு அது உதவும். கேமில் ஒரு ஃபிரேமுக்கு 2 வினாடி போதவில்லை என்றால் நேரத்தைக் கூட்டிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது, 2 வினாடி உறைவது 10 வினாடி உறையும்.

அதே பட்டியலில் டபிள்யூஹெச்இஏ லாகர் என்ற பெயர் தென்பட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள், அது வன்பொருளே போட்ட புகார். கெர்னல் பவர் 41 என்றால் கணினி முறையாக மூடாமல் திடீரென்று அணைந்திருக்கிறது. இந்த இரண்டும் இருக்கும்போது டிரைவரை ஏழு முறை மாற்றிப் போட்டாலும் பலன் இருப்பது அரிது.

சீக்கிரம் முடியும் சோதனைகள்

மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டில் செருகியிருக்கிறதா? சிரிக்க வேண்டாம். புது கார்டு போட்டும் வேகமே வரவில்லை என்ற புலம்பல்களில் கணிசமானவை இங்கேயே முடிந்துவிடும்.

லேப்டாப் என்றால் இரண்டு கிராபிக்ஸ் சிப்கள் இருக்கலாம், கேம் சின்னதைப் பிடித்துக்கொண்டு தள்ளாடிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், கேமின் இஎக்ஸ்இ கோப்பைச் சேர்த்து, ஹை பெர்ஃபாமன்ஸ் என்று வையுங்கள். லாஞ்சரின் இஎக்ஸ்இ வேறு, கேமின் இஎக்ஸ்இ வேறு, சேர்க்க வேண்டியது கேமுடையது. லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு ஆட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதைத் திறந்து பாருங்கள். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று மட்டும் இருந்தால் உங்கள் கார்டுக்கு டிரைவரே ஏறவில்லை. மஞ்சள் முக்கோணமும் கோட் 43-ம் இருந்தால், கார்டு தன்னிடம் கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. அது டிரைவராலும் வரும், கார்டே பழுதானாலும் வரும், கார்டு சரியாக ஸ்லாட்டில் உட்காராவிட்டாலும் வரும். என்விடியா வைத்திருப்பவர்களுக்கு ஒரு துணுக்கு: டிவைஸ் மேனேஜர் காட்டும் நீண்ட பதிப்பு எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்கள்தான் உண்மையான டிரைவர் எண். 32.0.15.6094 என்று இருந்தால் உங்களிடம் இருப்பது 560.94.

அப்புறம் ஓவர்லேக்கள். டிஸ்கார்ட், ஸ்டீம், கார்டு கம்பெனியின் ஆப், ரிவாட்யூனர் என்று ஆளுக்கொன்று கேமின் திரைக்குள் புகுந்து எதையாவது வரைந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் தனியாக நல்லதுதான், நான்கும் சேர்ந்து ஒரே கேமுக்குள் நுழையும்போதுதான் கேம் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், சரியானால் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். ஓவர்கிளாக், அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைத்து ஓட்டுவது) எது செய்திருந்தாலும் அதையும் இயல்புநிலைக்குக் கொண்டுவர வேண்டும். "இத்தனை நாள் இதே அமைப்பில் ஓடியதே" என்று சமாதானம் சொல்லாதீர்கள். பழைய கேம் தொடாத மூலையைப் புது கேம் தொடும், ஸ்ட்ரெஸ் டெஸ்டில் தேறிய அண்டர்வோல்ட், ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வரையும் முறை) கேமில் கவிழ்வது சாதாரணம்.

ஒரே கேம் மட்டும் விழுந்தால், ஸ்டீமில் அந்த கேமின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, மற்ற லாஞ்சர்களிலும் ரிப்பேர் அல்லது வெரிஃபை என்று இருக்கும். அதிலும் போகவில்லை என்றால் கேமின் கான்ஃபிக் கோப்பை வேறு பெயருக்கு மாற்றுங்கள், டாக்குமென்ட்ஸிலோ ஆப்டேட்டா ஃபோல்டரிலோ இருக்கும். பழைய மானிட்டரின் ரெசல்யூஷனை ஞாபகம் வைத்துக்கொண்டு கறுப்புத் திரையோடு நிற்கும் கேம்கள் இதிலேயே எழுந்துவிடும். சேவ் கோப்புகளும் அதே இடத்தில் இருக்கக்கூடும், அதனால் அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள்.

இப்போது டிரைவர்

புது டிரைவர்தான் நல்ல டிரைவர் என்பது பாதி உண்மை. அன்றைக்கு வெளியாகும் ஒரு பெரிய கேமை ஆடப்போகிறீர்கள் என்றால் அதற்காக வந்த டிரைவரைப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது, அந்த கேமுக்கான திருத்தங்கள் அதில்தான் இருக்கும். மூன்று வருடப் பழைய கேமையே ஆடிக்கொண்டிருக்கிறீர்கள், எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால் மாதாமாதம் மாற்றுவதால் பெரிய லாபம் இல்லை. எந்தப் பதிப்பைப் போட்டாலும் அதனுடன் வரும் ரிலீஸ் நோட்ஸில் தெரிந்த பிரச்சினைகள் என்ற பகுதியை மட்டுமாவது படியுங்கள், உங்கள் கேமின் பெயரே அங்கே இருக்கலாம். ஏஎம்டியில் பரிந்துரைக்கப்பட்டது, விருப்பத்துக்குரியது என்று இரண்டு வகை வரும், சந்தேகம் என்றால் பரிந்துரைக்கப்பட்டதே போதும். என்விடியாவில் கேம் ரெடி, ஸ்டூடியோ என்று இரண்டு, ஸ்டூடியோவிலும் கேம் ஓடும்.

டிரைவர் ஏறிய மறுநாளே கோளாறு ஆரம்பித்தது என்று தெரிந்தால், முன்னால் போகாமல் பின்னால் போங்கள். டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் பக்கம், ரோல் பேக் டிரைவர். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய பதிப்பு சேமிக்கப்படவில்லை என்று அர்த்தம், கம்பெனியின் தளத்திலிருந்து பழையதை இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். டிரைவரைக் கம்பெனியின் தளத்தைத் தவிர வேறெங்கிருந்தும் எடுக்காதீர்கள். தானாகவே எல்லா டிரைவரையும் புதுப்பித்துத் தருகிறேன் என்று சொல்லும் மென்பொருள்களை நான் எந்தக் கணினியிலும் விடமாட்டேன்.

மேலோட்டமாகப் போட்டுப் பார்த்தும் தீரவில்லை, அல்லது ஒரு கம்பெனி கார்டிலிருந்து இன்னொரு கம்பெனி கார்டுக்கு மாறியிருக்கிறீர்கள் என்றால்தான் டிடியூ என்று சுருக்கமாக அழைக்கப்படும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற, பழைய டிரைவரை மிச்சமின்றி நீக்கும் கருவி தேவை. வரிசை முக்கியம். முதலில் போடப்போகும் டிரைவரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து பிட்லாக்கர் (டிஸ்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், சேஃப் மோடுக்கு (அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும் நிலைக்கு) போகும்போது அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால் சாவி அந்தக் கணக்கின் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம், வேறொரு கருவியில் திறந்து பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் சில சமயம் பின் (PIN) எண் வேலை செய்யாது, கணக்கின் கடவுச்சொல்லும் தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் ஆனதும் இணையத்தைத் துண்டியுங்கள், கேபிளைப் பிடுங்குங்கள் அல்லது வைஃபையை அணையுங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பழைய டிரைவரை அழித்துவிட்டு கணினி எழும்போது இணையம் இருந்தால், நீங்கள் புதியதைப் போடுவதற்குள் விண்டோஸ் அப்டேட் தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு பதிப்பைப் பின்னணியில் ஏற்ற ஆரம்பித்துவிடும், இரண்டும் மோதிக்கொள்ளும். சேஃப் மோடில் டிடியூவை ஓட்டி, சுத்தம் செய்து ரீஸ்டார்ட் ஆனதும், இறக்கி வைத்த டிரைவரைப் போட்டு, மறுபடி ரீஸ்டார்ட் செய்து, அதற்கப்புறம் இணையத்தைக் கொடுங்கள்.

ஏஎம்டி பயனர்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு செய்தி: நீங்கள் திறந்த ஏஎம்டி மென்பொருளும் உள்ளே இருக்கும் டிரைவரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று. பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட் சத்தமில்லாமல் டிரைவரை மட்டும் மாற்றிவிட்டுப் போனதன் விளைவு அது. மேலே சொன்ன சுத்தமான முறையே அதற்கும் மருந்து.

லேப்டாப்காரர்கள் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். இப்போதைய லேப்டாப்களில் கார்டு கம்பெனியின் பொதுவான டிரைவர் பெரும்பாலும் ஒத்துப்போகும், ஆனால் பழைய மாடல்களில் இரண்டு சிப்களுக்கும் இடையே மாறும் ஏற்பாடு லேப்டாப் தயாரிப்பாளர் திருத்திக் கொடுத்த டிரைவரில் மட்டும் இருக்கும், அதை அழித்தால் ஸ்லீப்பிலிருந்து எழாதது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாதது என்று புதுத் தலைவலிகள் வரும்.

புது டிரைவர் போட்ட அன்றைக்கு கேம் திக்கித் திக்கி ஓடினால் பதறாதீர்கள். ஷேடர் என்று சொல்லப்படும் சின்னச் சின்ன நிரல்களை உங்கள் கார்டுக்கும் அந்த டிரைவர் பதிப்புக்கும் ஏற்ற மாதிரி மொழிபெயர்த்துச் சேமித்து வைப்பது வழக்கம், டிரைவர் மாறினால் பழைய சேமிப்பு செல்லாது, எல்லாம் புதிதாக ஆக வேண்டும். கேம் திறக்கும்போது "ஷேடர்கள் தயாராகின்றன" என்று ஒரு பட்டை ஊர்ந்தால் அதைத் தாண்டி ஓடப் பார்க்காதீர்கள், முடியட்டும். சில மணி நேரம் ஆடிய பிறகும் அதே இடங்களில் திக்குகிறது என்றால் சேமிப்பே கெட்டிருக்கலாம். விண்டோஸின் டிஸ்க் கிளீனப்பில் டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை டிக் செய்து அழிக்கலாம். கார்டு கம்பெனியின் சேமிப்பு தனி, லோக்கல் ஆப்டேட்டாவுக்குள் அந்தந்தக் கம்பெனி பெயரில் உள்ள ஃபோல்டரில் இருக்கும். அழித்த பிறகு முதல் ஆட்டம் திக்கும், அது எதிர்பார்த்ததுதான்.

கார்டு பழையது என்றால் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும், அதற்கு இன்னும் புது டிரைவர் வருகிறதா என்று. என்விடியாவின் கெப்லர் என்ற பழைய தலைமுறைக் கார்டுகளுக்கு கேம் ரெடி டிரைவர் 2021-இல் நின்றுவிட்டது. மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்கு, அதாவது ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு, 2025 அக்டோபரோடு நின்றது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். கார்டு உடனே செத்துவிடாது, இருக்கும் கேம்கள் ஓடும். புது கேமில் வரும் கோளாறுக்குத் திருத்தம் வரும் என்று காத்திருப்பதுதான் வீண்.

கறுப்புத் திரையில் மாட்டிக்கொண்டால் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மீண்டும் எழும், ஒரு பீப் கேட்கலாம், திறந்திருக்கும் மற்ற வேலைகள் பிழைக்கும்.

பழி டிரைவர் மேல், குற்றம் வேறிடத்தில்

2023, 2024-இல் அன்ரியல் எஞ்சின் (பல கேம்களுக்கு அடித்தளமான மென்பொருள்) கேம்கள் பலவற்றில் "வீடியோ மெமரி போதவில்லை" என்ற செய்தியோடு விழுந்தவர்கள் ஏராளம். 24 ஜிபி மெமரி உள்ள கார்டு வைத்திருப்பவர்களுக்கும் அதே செய்தி. எல்லோரும் கிராபிக்ஸ் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள், பலருக்கு உண்மையான குற்றவாளி சிபியு. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் சில அளவுக்கு மீறிய வோல்டேஜால் மெல்ல மெல்லத் தேய்ந்துபோய், ஷேடர்களை விரித்துத் தயாரிக்கும் கனமான வேலையில் கணக்கைத் தப்பாகப் போட ஆரம்பித்தன. இன்டெல் அதை ஒப்புக்கொண்டு 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு (சிப்புக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தங்களை வெளியிட்டது, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் திருத்தம் மதர்போர்டின் பயாஸ் அப்டேட் வழியாக வருகிறது. ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அது குணப்படுத்தாது, அதை மாற்றித்தான் ஆக வேண்டும். இந்தத் தலைமுறை சிப் உங்களிடம் இருந்து, ஷேடர் தயாராகும் கட்டத்திலேயே கேம் விழுகிறது என்றால், டிரைவரைத் தொடுவதற்கு முன்னால் பயாஸைப் பாருங்கள்.

ரேமும் இப்படித்தான். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று ஒரு வரியை இயக்கினால் ரேம் பெட்டியில் அச்சடித்த வேகத்துக்குப் போகும், ஆனால் அது ஒருவகை ஓவர்கிளாக்தான், எல்லா மதர்போர்டும் எல்லா சிப்பும் அதைத் தாங்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. அதை அணைத்துவிட்டு ஒரு நாள் ஆடிப் பாருங்கள். விழுவது நின்றால் கிராபிக்ஸ் டிரைவர் நிரபராதி.

கம்பெனியிலேயே வேகம் கூட்டி விற்கப்படும் கார்டுகளும் உண்டு. என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஹெல்ப் மெனுவுக்குள் டீபக் மோட் என்று ஒன்று ஒளிந்திருக்கிறது, அதை இயக்கினால் அந்தக் கூட்டல் நீங்கி என்விடியா வகுத்த அடிப்படை வேகத்தில் கார்டு ஓடும். டீபக் மோடில் ஒழுங்காக ஓடி, அது இல்லாமல் விழுந்தால் கார்டை உத்தரவாதத்தில் கொடுப்பதற்கு உங்களிடம் நல்ல ஆதாரம் இருக்கிறது. கேம் கனமாகும் நொடியில் கணினியே அணைந்தால் பவர் சப்ளையையும், கார்டுக்குப் போகும் மின்கேபிள் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

டிஎல்எல் காணவில்லை என்றால்

டிஎல்எல் என்பது நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக் கோப்பு. அது காணவில்லை என்பதுதான் இருப்பதிலேயே எளிதான கோளாறு, ஆனால் இதில்தான் ஆட்கள் வைரஸ் வாங்கிக்கொள்கிறார்கள். செய்தியில் வரும் கோப்புப் பெயரைத் தேடினால் அந்த ஒரு கோப்பை மட்டும் தருகிறோம் என்று வரிசையாகத் தளங்கள் வரும். ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். அந்தக் கோப்பு எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்து அந்தத் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து போட வேண்டும்.

பெயரில் எம்எஸ்விசிபி அல்லது விசிரன்டைம் என்று இருந்தால் விஷுவல் சி++ தொகுப்பு. பின்னால் வரும் எண் எந்த ஆண்டு என்று சொல்லிவிடும்: 100 என்றால் 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013, 140 என்றால் 2015-க்குப் பிறகு வந்த ஒருங்கிணைந்த தொகுப்பு. உங்கள் விண்டோஸ் 64 பிட் ஆக இருந்தாலும் 32 பிட், 64 பிட் இரண்டு தொகுப்புகளையும் போடுங்கள், ஏனென்றால் 32 பிட் கேமுக்கு 32 பிட் தொகுப்புதான் வேண்டும். கோப்புப் பெயர் டி3டிஎக்ஸ்9 என்றோ எக்ஸ்இன்புட்1_3 என்றோ ஆரம்பித்தால், அது 2010 ஜூன் மாதத்து டைரக்ட்எக்ஸ் என்ட் யூசர் ரன்டைம். விண்டோஸ் 11-லேயே டைரக்ட்எக்ஸ் 12 இருக்கும்போது 2010 காலத்துச் சமாச்சாரம் எதற்கு என்று தோன்றும். அந்தக் காலத்து கேம்கள் பயன்படுத்திய துணைக் கோப்புகள் இப்போதைய விண்டோஸோடு வருவதில்லை, இந்தத் தொகுப்பு அவற்றை மட்டும் சேர்க்கும், உங்கள் டைரக்ட்எக்ஸ் 12-ஐ ஒன்றும் செய்யாது. ஸ்டீம் கேம் என்றால் அதன் ஃபோல்டருக்குள்ளோ, ஸ்டீமின் பொதுவான ரன்டைம் ஃபோல்டரிலோ காமன்ரீடிஸ்ட் என்ற பெயரில் இவையெல்லாம் ஏற்கெனவே இருக்கலாம், அங்கிருந்தே ஓட்டிக்கொள்ளலாம்.

நீண்ட எண்ணாக வந்து 7பி என்று முடியும் பிழை ஒன்று உண்டு, "நிரலைச் சரியாகத் தொடங்க முடியவில்லை" என்று. 32 பிட் நிரலுக்கு 64 பிட் கோப்போ அதற்கு எதிராகவோ கிடைத்தால் வருவது அது. முன்னொரு நாள் ஏதோ தளத்திலிருந்து ஒரு டிஎல்எல்லை எடுத்து சிஸ்டம் ஃபோல்டரில் போட்டிருந்தீர்களா? அதை நீக்கிவிட்டு விஷுவல் சி++ தொகுப்புகளைப் புதிதாகப் போடுங்கள்.

டைரக்ட்எக்ஸ் 12 என்று காட்டுகிறதே, அப்புறம் ஏன் ஓடவில்லை?

விண்டோஸ், ஆர் சேர்த்து அழுத்தி டிஎக்ஸ்டியாக் என்பதை ஆங்கிலத்தில் (dxdiag) தட்டினால் முதல் பக்கத்தில் டைரக்ட்எக்ஸ் 12 என்று இருக்கும். அது விண்டோஸில் எது இருக்கிறது என்பது மட்டுமே, உங்கள் கார்டைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. கார்டால் என்ன முடியும் என்பது டிஸ்ப்ளே பக்கத்தில் ஃபீச்சர் லெவல்ஸ் என்ற வரியில் இருக்கிறது. அங்கே அதிகபட்சம் 11_0 என்று நின்றால், 12_0 கேட்கும் கேமுக்கு எந்த டிரைவரும் உதவாது. அதற்கு மேலும் சில கேம்கள் தனி நிபந்தனை வைக்கின்றன, 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் கேமுக்கு ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம், ஜிடிஎக்ஸ் 1080 டிஐ எவ்வளவு வலுவான கார்டாக இருந்தாலும் அங்கே எடுபடாது. வாங்கும் முன்னால் குறைந்தபட்சத் தேவையில் கார்டின் பெயரைப் பார்ப்பதோடு இந்த மாதிரி வரிகளையும் படித்துவிடுங்கள்.

கேம் இரண்டு டைரக்ட்எக்ஸ் பதிப்பையும் ஆதரித்தால் 11-க்கு மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. லாஞ்ச் ஆப்ஷன்ஸில் அதற்கான சொல்லைச் சேர்த்தால் அன்ரியல் எஞ்சின் கேம்கள் பல மாறிக்கொள்ளும், சிலவற்றில் கேமின் மெனுவிலேயே இருக்கும். 11-இல் ஒழுங்காக ஓடினால் கார்டு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது, 12-க்கான கேமின் குறியீட்டிலோ டிரைவரிலோ குறை.

பழைய கேம்கள்

இங்கே டிரைவரை விட விண்டோஸ்தான் பெரிய எதிரி. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடாது. 90-களின் கேம்கள் பலவற்றில் கேம் 32 பிட், அதை நிறுவும் செட்டப் மட்டும் 16 பிட், கம்பாட்டிபிலிட்டி மோட் எதை வைத்தாலும் அசையாது. நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டு போட்ட சிடி கேம்களுக்கு வேண்டிய டிரைவரை 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோதே பாதுகாப்புக் காரணத்துக்காக எடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்டவற்றுக்கு நேரத்தை வீணாக்காமல், இன்றைய விண்டோஸுக்கு ஏற்ப மாற்றி விற்கப்படும் பதிப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

நிறுவ முடிந்து, ஓடும்போது நிறங்கள் சிதறுகின்றன, திரை மின்னுகிறது என்றால் வழி இருக்கிறது. டிஜிவூடூ 2 என்ற கருவி பழைய டைரக்ட்எக்ஸ், கிளைட் (அதேபோன்ற இன்னொரு பழைய முறை) அழைப்புகளை டைரக்ட்எக்ஸ் 11 அல்லது 12-க்கு மாற்றித் தரும். டிஎக்ஸ்விகே டைரக்ட்எக்ஸ் 8 முதல் 11 வரை வல்கனுக்கு மாற்றும். அந்தந்தக் கருவியின் குறிப்பில் சொல்லப்பட்ட கோப்பை கேமின் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் போட்டால் போதும், பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம். இன்டெல் ஆர்க் கார்டு வைத்திருப்பவர்களுக்கு டிஎக்ஸ்விகே ரொம்பவே பயன்படும், ஏனென்றால் அந்தக் கார்டுகளில் டைரக்ட்எக்ஸ் 9-க்கு நேரடி ஆதரவு இல்லை, எப்படியும் ஒரு மாற்று அடுக்கு வழியாகத்தான் போகிறது. ஆர்க் என்றால் பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரே வீச்சில் அணுக விடும் வசதி) இயங்குகிறதா என்றும் பாருங்கள், அது இல்லாவிட்டால் வேகம் கணிசமாக விழும். ஒரே எச்சரிக்கை, ஆன்டிசீட் (ஆட்டத்தில் ஏமாற்றுவதைத் தடுக்கும் மென்பொருள்) உள்ள ஆன்லைன் கேமில் இந்த மாதிரி கோப்பு மாற்று வேலை எதுவும் வேண்டாம், கணக்கே போய்விடக்கூடும்.

பழைய கேம் வேகமாக ஓடுவதே கோளாறாகவும் முடியும். 2011-இல் வந்த ஸ்கைரிமின் முதல் பதிப்பில் இயற்பியல் கணக்கு ஃபிரேம் வேகத்தோடு பின்னிக் கிடக்கிறது, 60-ஐத் தாண்டி விட்டால் மேசைமேல் இருக்கும் பொருட்கள் தானாகப் பறக்க ஆரம்பிக்கும். டிரைவரின் அமைப்பில் அந்த ஒரு கேமுக்கு மட்டும் 60 என்று வரம்பு போட்டால் தீர்ந்தது.

ஆன்டிசீட், செக்யூர் பூட்

கேம் திறக்காமல் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் வைத்துக் கணினியை எழுப்பும் பயாஸ் வசதி) வேண்டும் என்று சொன்னால் அதற்கும் கிராபிக்ஸுக்கும் சம்பந்தம் இல்லை. ரயட் கம்பெனியின் ஆன்டிசீட்டான வான்கார்ட் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் செக்யூர் பூட்டையும் கேட்கிறது, 2025-இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 6-உம் செக்யூர் பூட் கேட்கிறது. பயாஸுக்குள் பாய்வதற்கு முன்னால் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ என்று இருந்தால் பெரும்பாலும் செக்யூர் பூட்டை இயக்கினால் மட்டும் போதும். லெகசி என்று இருந்தால் நில்லுங்கள். உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகிர்வு முறையில் இருக்கிறது, அதை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றாமல் பயாஸில் மாற்றினால் விண்டோஸே எழாது. மாற்றுவதற்கு மைக்ரோசாஃப்டின் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, முதலில் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

இதையெல்லாம் செய்தும் தீராமல் கேம் கம்பெனிக்கோ கார்டு கம்பெனிக்கோ எழுதப்போகிறீர்கள் என்றால், "கேம் கிராஷ் ஆகிறது, உதவுங்கள்" என்று ஒரே வரியில் அனுப்பாதீர்கள். டிஎக்ஸ்டியாக் பக்கத்தில் எல்லாத் தகவலையும் சேமிக்கும் பட்டன் இருக்கிறது, அது ஒரு உரைக் கோப்பைத் தரும். அதோடு டிரைவர் எண், விழுந்த நேரத்தில் ஈவென்ட் வியூவரில் இருந்த வரி, எந்த இடத்தில் என்ன செய்தால் விழுகிறது, எந்த டிரைவர் பதிப்பு வரை நன்றாக ஓடியது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். பொது இடத்தில் ஒட்டுவதாக இருந்தால் அந்தக் கோப்பில் உங்கள் கணினியின் பெயர் இருக்கும், பலர் அதில் சொந்தப் பெயரையே வைத்திருப்பார்கள், அந்த வரியை அழித்துவிட்டு ஒட்டுங்கள்.